மூட்டைகள் தாமாகவே மலையேறுகின்றன

சுற்றுலாத் துண்டறிக்கையை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு விமர்சனம் எழுத முடியுமா என்று கேட்பார்கள். முடியும். எந்தக் கவிதையையும்விட அதிகம் பேர் வாசிக்கிற பிரதி அது. வாசித்த கையோடு காசைக் கட்டி, மூட்டையைக் கட்டி, விமானம் ஏற வைக்கிற சக்தி நம் கவிஞர்கள் யாருக்கு இருக்கிறது? இலக்கியத்தின் செயல்விளைவு பற்றி இத்தனை காலம் விவாதித்த நாம், இந்த வகை எழுத்தை மட்டும் அப்பாவித்தனமான தகவல் என்று விட்டுவைத்திருக்கிறோம்.

நான் எடுத்துக்கொள்வது ஒரு தனிப் பிரதியை அல்ல, ஒரு வகைமையை. மொராக்கோவின் உயர் அட்லஸ் மலையில், பாரம்பரிய பெர்பெர் கிராமங்களின் ஊடாக, வழிகாட்டியுடன் இரண்டு மூன்று நாள் நடை என்பதாக ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் எழுதப்பட்டுவரும் வகைமை. எழுதுகிற கம்பெனி மாறும், விலை மாறும், பிரதி மாறாது. மராகேஷ் நகரத்தில் காலையில் வண்டி ஏற்றுவார்கள். அஸ்னி சந்தையைத் தாண்டி, அறுபது சொச்சம் கிலோமீட்டரில், 1740 மீட்டர் உயரத்தில் இம்லில். அங்கிருந்து வால்நட் மரங்களின் நிழலில் நடந்து, டிஸி ன் தமத்தர்த் கணவாயைக் கடந்து (டிஸி என்றாலே அவர்கள் மொழியில் கணவாய்தான்) தஷெத்தீர்த் கிராமத்தில் இரவு. மறுநாள் வாற்கோதுமை வயல்கள், மண் வீடுகள், புதினாத் தேநீர். நேரமிருந்தால் அருமத் கிராமம். வட ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான டூப்கால், 4167 மீட்டர், தூரத்திலிருந்து காட்டப்படும். மூன்றாம் நாள் திரும்ப மராகேஷ். அவ்வளவுதான் கதை.

முதலில் வினைச்சொற்களைப் பார்ப்போம். நீங்கள் நடக்கிறீர்கள், நீங்கள் கடக்கிறீர்கள், நீங்கள் கண்டடைகிறீர்கள், நீங்கள் வரவேற்கப்படுகிறீர்கள். எழுவாய் எப்போதும் முன்னிலை. மலையில் வாழ்கிறவர்களுக்குக் கிடைக்கிற வினைகள் இரண்டோ மூன்றோ: புன்னகைப்பது, தேநீர் ஊற்றுவது, பிள்ளைகளானால் கையசைப்பது. அவர்கள் வரி கட்டுவதில்லை, வழக்கு நடத்துவதில்லை, வாக்களிப்பதில்லை, பிரான்சுக்குப் போன அண்ணனிடமிருந்து பணம் வரவில்லையே என்று கவலைப்படுவதில்லை. முன்னிலைக்காரன் வந்து சேரும்வரை அவர்கள் எதுவும் செய்யாமல் நிற்கிறார்கள் போலும்.

இதைவிட மோசமான இலக்கணம் ஒன்று உண்டு. 'உங்கள் உடைமைகள் அடுத்த தங்குமிடத்துக்குக் கொண்டுசெல்லப்படும்' என்கிற ரீதியில் வருகிற வாக்கியம். செயப்பாட்டுவினை. யாரால் என்பது கிடையாது. அட, மூட்டை தானாகவா நடந்து போகுது? கோவேறு கழுதையின் முதுகில் இரண்டு பக்கமும் கூடை கட்டி, அதில் மூட்டையையும் எரிவாயு உருளையையும் காய்கறியையும் ஏற்றி, நீங்கள் கிளம்பிய பிறகு பாத்திரம் கழுவி முடித்துக் கிளம்பி, வழியில் உங்களைத் தாண்டிப் போய், நீங்கள் வந்து சேரும்போது அடுப்பு பற்றவைத்துக் காத்திருக்கிற ஓர் ஆள் இருக்கிறான். வழிகாட்டிக்கு அரசு உரிமம் உண்டு, அட்டை உண்டு. ஐத் பூகெமெஸ் பள்ளத்தாக்கின் தபான்த் ஊரில் 1980களில் உருவான பயிற்சி மையத்தில் படித்தவர்களின் மரபு உண்டு. கழுதைக்காரனுக்கு இருப்பது கழுதைதான். அது செத்தால் முதல் போச்சு. பிரதியில் அவன் இல்லாமல் போனதை வெறும் விடுபடல் என்று நான் நினைக்கவில்லை. மலை 'கன்னி நிலமாக' இருக்க வேண்டுமென்றால் உழைப்பு கண்ணில் படக்கூடாது. உழைப்பை மறைத்தால்தான் அங்கே இயற்கை உற்பத்தியாகும்.

மொழிபெயர்ப்பு சம்பந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் துண்டறிக்கைகளின் பிரியமான பெயரடை ஒன்றை ஆங்கிலத்திலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தால் 'தீண்டப்படாத கிராமங்கள்' என்று வரும். ஆங்கிலத்தில் அது புகழ்ச்சி. தமிழில் எழுதிப் பார்த்த கணத்தில் சொல் திருப்பி அடிக்கிறது. யார் தீண்டவில்லை? யாருடைய தீண்டலால் ஒரு ஊர் ஊராகிறது? வெளியிலிருந்து வருகிறவன் தொடாதவரை அந்த இடம் வரலாற்றுக்குள் வரவில்லை என்கிற எண்ணம் அந்தப் பெயரடைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வேறு காரணங்களுக்காக அந்தச் சொல்லோடு நெடுங்காலம் போராடிவருகிற மொழி நம்முடையது என்பதால் இது நமக்குச் சீக்கிரம் தட்டுப்படுகிறது.

தீண்டப்படாத மலையா அது? 1120களில் இதே உயர் அட்லஸின் தின்மெல் என்கிற மலையூரில் உட்கார்ந்துகொண்டு இப்னு தூமர்த் என்கிற மஸ்மூதா மலைக்காரர் ஓர் இயக்கத்தைக் கட்டினார். மக்களிடம் அவர்களுடைய மொழியிலேயே பிரசங்கம் செய்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் 1147இல் மராகேஷைப் பிடித்தார்கள். ஸ்பெயினின் தென்பகுதியிலிருந்து இன்றைய லிபியாவின் பகுதிவரை ஆண்டார்கள். அல்மொஹாத் பேரரசு என்று வரலாற்றுப் புத்தகங்களில் வருவது அதுதான். இப்னு ருஷ்து அவர்களுடைய அவையில் இருந்தவர். இன்றைக்கு 'தொலைதூரம்' என்று விற்கப்படுகிற பள்ளத்தாக்குகள் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் ஒரு பகுதிக்குத் தலைமையிடம். எதிலிருந்து தொலைவு என்று கேட்டால் போதும், பிரதி ஆட்டம் காண ஆரம்பிக்கும்.

பெயருக்கு வருவோம். பெர்பெர் என்பது கிரேக்க, லத்தீன் வழியில் 'காட்டுமிராண்டி' என்ற சொல்லோடு உறவுள்ளது. அவர்கள் தங்களை அமாஸிக் என்கிறார்கள்; பன்மையில் இமாஸிகென். இம்லில் பக்கம் பேசப்படுவது தஷெல்ஹீத். பெயரை மாற்றி எழுதிவிட்டால் காரியம் முடிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பெயருக்குப் பின்னால் ஓர் அறிவு எந்திரம் இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும்.

1912இல் பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சி வந்தபோது அதற்கு ஒரு பாகுபாடு தேவைப்பட்டது. சுல்தானின் ஆணை செல்லுபடியாகிற பூமி, செல்லாத பூமி. பிளெத் எல் மக்ஸென், பிளெத் எஸ் ஸிபா. முதலாவது அரபு, நகரம், இஸ்லாம். இரண்டாவது பெர்பெர், மலை, வழக்காறு. களத்தில் இருந்த நெகிழ்வான அரசியல் உறவொன்றை இப்படி இனப் பிரிவாக இறுக்கினார்கள். ரொபேர் மோந்தாஞ் என்பவரின் 'தெற்கு மொராக்கோவில் பெர்பெர்களும் மக்ஸெனும்' 1930இல் வருகிறது. கடற்படை அதிகாரியாக வந்து ஆய்வாளர் ஆனவர். கிராம சபையான ஜமாஅவில் ஒரு சின்னஞ்சிறு குடியரசைக் கண்டு வியக்கிற வாசிப்பு இந்தப் பள்ளியிலிருந்துதான் பரவியது. அந்தக் குடியரசில் பெண்கள் உட்கார்ந்ததில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே 1930, மே 16இல் 'பெர்பெர் தாஹிர்' எனப்படும் ஆணை: மலைமக்களுக்கு ஷரியத் வேண்டாம், வழக்காற்று நீதிமன்றம் போதும், குற்ற வழக்குகள் பிரெஞ்சு நீதிமன்றத்துக்கு. அன்பு! அவர்களுடைய தனித்தன்மையைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். சலே, ஃபெஸ் நகரத்து மசூதிகளில் எதிர்ப்புத் தொழுகைகள் கிளம்பின. மொராக்கோ தேசியவாதத்தின் தொடக்கத்தை அந்தத் தொழுகைகளில்தான் பலரும் பார்க்கிறார்கள்.

காப்பாற்றியது எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெற்கு மலைகளைப் பெரும் காயிதுகளின் கையில் குத்தகை மாதிரி ஒப்படைத்தார்கள். க்ளாவி, கூந்தாஃபி, மத்தூகி. மராகேஷின் பாஷாவாக இருந்த த்ஹாமி எல் க்ளாவி மலைக்காரர்களிடம் பிடுங்கியதற்குக் கணக்கு கிடையாது. அடங்காதவர்கள்மீது விமானக் குண்டு. 1933இல் பூகாஃபெர் மலையில் ஐத் அத்தா மக்கள் வாரக்கணக்கில் நின்று பிடித்தார்கள். 1934வரை 'சமாதானப்படுத்தல்' நடந்தது. ஆக, நேசிக்கப்பட்டது பெர்பெர் என்ற கருத்துரு. சுடப்பட்டது பெர்பெர் மனிதன்.

பிறகு 1956. விடுதலை. புதிய தேசத்துக்கு அரபு ஒன்றே மொழி. காலனியவாதி கொண்டாடியதாலேயே அமாஸிக் அடையாளம் சந்தேகத்துக்குரியதாயிற்று. 1994 மே தினத்தன்று எர்ராஷிதியாவில் தங்கள் மொழியைப் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று திஃபினாக் எழுத்தில் பதாகை பிடித்துப் போன தில்லெல்லி அமைப்பினரைக் கைது செய்து சிறையில் போட்டார்கள். 2001இல் அமாஸிக் பண்பாட்டுக்கான அரச நிறுவனம், 2003இல் பள்ளிக்குத் திஃபினாக் எழுத்து, 2011 அரசியல் சட்டத்தில் அதிகாரபூர்வ மொழி. இவையெல்லாம் யாரோ மனமிரங்கிக் கொடுத்ததல்ல. துண்டறிக்கைக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. அதற்குத் திஃபினாக் ஓர் அழகான கோட்டுருவம், கம்பள வடிவம் மாதிரி. ஒரு காலத்தில் பதாகையில் எழுதினால் ஜெயில். இப்போது விடுதிச் சுவரில் வரைந்தால் அலங்காரம்.

'பாரம்பரியம்' என்கிற குறிப்பானைக் கொஞ்சம் சுரண்டிப் பார்ப்போம். விருந்தோம்பலின் ஆதிச்சின்னமாகக் காட்டப்படுகிற புதினாத் தேநீர் சீனப் பச்சைத்தேயிலையில் போடப்படுவது. 1850களில் கிரிமியப் போரால் வடக்குச் சந்தைகளை இழந்த பிரிட்டிஷ் வியாபாரிகள் டாஞ்சியர், மொகதோர் துறைமுகங்களில் தேயிலையைக் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் அது மொராக்கோவில் பரவலானது. அதாவது உலகச் சந்தை இந்த மலைக்குள் வந்ததற்கான சான்றைத்தான், சந்தை வராததற்கான சான்றாக நமக்கு டம்ளரில் ஊற்றித் தருகிறார்கள். ருசியாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை.

இம்லில் ஊருக்கு மேலே ஒரு காயிதின் கோடை மாளிகையாக இருந்து, 1990களில் விடுதியாக மாற்றப்பட்ட கஸ்பா ஒன்று இருக்கிறது. மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'குந்துன்' படத்தில், 1997, அது திபெத்திய மடாலயம். தலாய் லாமாவின் கதையைத் திபெத்தில் போய் எடுக்க முடியாது. அட்லஸ் திபெத் ஆயிற்று. யாரும் குழம்பவில்லை. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ 'மலைக்கிராமம்' என்று ஒரு பொதுப்பொருள் இருக்கிறது. உச்சியில் பனி, அடியில் மண் வீடு, இடையில் பொறுமையான ஒரு விலங்கு. இந்தப் பொதுப்பொருளுக்குப் பெயர்ச்சீட்டு மட்டும் அவ்வப்போது மாற்றி ஒட்டப்படுகிறது.

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதம் வரும், வர வேண்டும். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பிரதியைக் கட்டவிழ்ப்பதில் என்ன கஷ்டம்? அந்த மலையில் உழைத்துப் பிழைக்கிறவனுக்கு இந்தத் துண்டறிக்கைதானே சோறு போடுகிறது? உண்மை. இம்லில் பக்கம் வாற்கோதுமை மட்டும் நம்பி யாரும் இல்லை. ஆப்பிள், செர்ரி, வால்நட், அப்புறம் சுற்றுலா. சுற்றுலாவில் பங்குள்ளவர்களின் முயற்சியால் 2007 முதல் அஸ்னியில் மலைக்கிராமப் பெண்பிள்ளைகள் தங்கி உயர்நிலைப்பள்ளி படிக்க விடுதி நடக்கிறது. பயணமே போகாதீர்கள் என்று நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு உபதேசம் செய்கிற உத்தேசம் எனக்கில்லை.

வழிகாட்டியும் வெறும் பலியாள் அல்ல. தேநீரை 'பெர்பெர் விஸ்கி' என்று சொல்லிச் சிரிக்க வைக்கிறவர் அவர்தான். பெர்பெர் என்ற சொல்லை வெளியாளிடம் ஒரு விதமாகவும், அமாஸிக் என்ற சொல்லைச் சங்கக் கூட்டத்தில் இன்னொரு விதமாகவும் புழங்குகிறார். இதை ஸ்பிவாக் சொன்ன தந்திரோபாயச் சாராம்சவாதத்தின் கீழ் வைக்கலாம்தான். ஆனால் தந்திரம் எப்போதும் தந்திரக்காரன் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. 2018 டிசம்பரில் இம்லில் அருகே இரண்டு ஸ்காண்டிநேவிய இளம்பெண்கள் கொல்லப்பட்ட பிறகு டூப்கால் வழியில் காவல் சாவடிகள் வந்தன, அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏறக்கூடாது என்றாயிற்று. 'வழிகாட்டியுடன்' என்கிற சாதாரணச் சொல்லுக்குள் இப்போது பிழைப்பும் இருக்கிறது, போலீசும் இருக்கிறது. வழிகாட்டி பயணிக்கு மலையைக் காட்டுகிறார். சாவடியில் பயணியை அரசுக்குக் காட்டுகிறார்.

பெண்கள் பற்றி இந்தப் பிரதி பேசும்போது அவர்கள் பெரும்பாலும் சமையலறையின் வாசனையாக வருகிறார்கள். உள்ளூர்க் குடும்பத்துடன் உணவு. யார் அடுப்படியில் நின்றது, விறகையும் மாட்டுத்தீவனத்தையும் முதுகில் சுமந்து சரிவில் இறங்கியது யார் என்பதெல்லாம் புகைப்படத்தில் வண்ணத்துணியாகத் தெரியும். மிரிரிதா நைத் அத்தீக் என்ற மலைப் பாடகியை நினைத்துக்கொள்கிறேன். தஸ்ஸாவுத் பள்ளத்தாக்குக்காரி, அஸிலால் சந்தையில் பாடியவள். ரெனே யூலோஜ் என்ற பிரெஞ்சுக்காரர் கேட்டு எழுதி மொழிபெயர்த்ததால்தான் அவள் நமக்குக் கிடைக்கிறாள். அவள் பாடியது தமாஸிக்கில். உலகம் வாசிப்பது பிரெஞ்சில். குரல் கிடைத்ததற்காக மகிழ்வதா, கிடைத்த வழியைப் பார்த்துக் கசப்பதா? இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னது சொற்களைப் பற்றிய சண்டை என்று தோன்றலாம். 2023 செப்டம்பர் 8, இரவு பதினொன்று மணி பதினொன்று நிமிடம். அல் ஹவுஸ் மாகாணத்தில், இதே உயர் அட்லஸில், 6.8 அளவுக்கு நிலம் நடுங்கியது. 2900க்கு மேல் சாவு. சுமார் 60,000 வீடுகள் சேதம். தின்மெல்லின் பன்னிரண்டாம் நூற்றாண்டு மசூதியும் பெரும்பகுதி சரிந்தது. இம்லில் சுற்றுவட்டாரமும் அடி வாங்கியது. அன்றைய செய்திகளில் திரும்பத் திரும்ப வந்த சொற்களைக் கவனித்தவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கும்: தொலைதூரக் கிராமங்கள், பாரம்பரிய மண் வீடுகள். அதே துண்டறிக்கைச் சொற்கள். முந்தைய நாள்வரை கவர்ச்சியாக இருந்தவை மறுநாள் மரணத்தின் காரணமாகிவிட்டன. மண் வீடு, அதனால் செத்தார்கள். ரோடு இல்லை, அதனால் ஆள் போய்ச் சேர முடியவில்லை. ரோடு ஏன் இல்லை, மருத்துவமனை ஏன் மராகேஷில் இருக்கிறது, அந்த மண் சுவருக்குள் மரக்கட்டு போட வசதியில்லாமல் போனது எப்படி என்ற கேள்விகள் எல்லாம் 'பாரம்பரியம்' என்ற ஒற்றைச் சொல்லில் கரைந்துபோயின. காலத்துக்கு வெளியே வாழ்கிறவர்களாக ஒரு மக்களை வரைந்து வைத்தால், அவர்களுக்குக் காலத்தில் பாக்கி வைத்த எதையும் யாரும் தர வேண்டியதில்லை. இந்தச் சொல்லாடலின் அரசியல் இதுதான் என்று நினைக்கிறேன்.

மராகேஷில் உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் நடத்தவிருந்த ஆண்டுக்கூட்டம் ஒத்திவைக்கப்படவில்லை. ஒரே மாதத்தில், அக்டோபரில், நடந்து முடிந்தது.

மொராக்கோ இலக்கியத்துக்கு நிலநடுக்கம் புதிதல்ல. 1960 பிப்ரவரி 29இல் அகதிர் நகரம் இடிந்தது. தஃப்ராவுத் பக்கத்து அமாஸிக்கான மொஹமத் கைர் எத்தீன், அந்நகரில் சமூகக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலைபார்த்தவர், 1967இல் 'அகதிர்' என்ற நாவலை வெளியிட்டார். லாஅபி நடத்திய, 1972இல் தடைசெய்யப்பட்ட 'சூஃப்ல்' சிறுபத்திரிகையின் கூட்டாளி. நாவலில் நகரத்தின் பெயர் தலைப்போடு சரி. இடிந்துபோனவர்களின் மனுக்களைக் கேட்க அனுப்பப்பட்ட ஓர் அரசு ஊழியன், நகரத்தைத் தேடிக்கொண்டே மன்னர்களோடும் மூதாதைகளோடும் வாக்குவாதம் செய்கிறான். வாக்கியமும் இடிபாடு மாதிரியே கிடக்கிறது. அவருடைய பிந்தைய நாவலான 'அகூன்ஷிஷின் கதையும் வாழ்வும்' (1984) இன்னும் பொருத்தமானது. தெற்கு மொராக்கோவுக்கு வருகிறவனுக்கு நிலத்தைக் காட்டிக்கொடுக்கிற பயண எழுத்தாகத்தான் அது தொடங்குகிறது. பிறகு மெல்ல ஒரு கொள்ளைக்காரனும் அவனுடைய கோவேறு கழுதையும் பிரதிக்குள் நுழைந்து, பயணியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழிவாங்கலும் பேய்க்கதையும் பிரெஞ்சுப் படையெடுப்பும் பேச ஆரம்பிக்கிறார்கள். கடைசிவரை பயணிக்குத் திரும்ப இடம் கிடைப்பதில்லை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் யாராவது கை வைக்க வேண்டிய புத்தகம்.

மலையில் நடைப்பயணங்கள் சீக்கிரமே திரும்பத் தொடங்கின. வழிகாட்டிகள்தான் முதலில் வரச்சொல்லிக் கேட்டார்கள், வருமானம் நின்றுபோனது அவர்களுக்குத்தானே. அரசு அறிவித்த உதவி: முழுக்க இடிந்த வீட்டுக்கு 1,40,000 திர்ஹம், பாதி இடிந்ததற்கு 80,000, ஓராண்டுக்கு மாதம் 2,500. முழுசாகப் போன வீட்டைப் பாதி என்று எழுதிவிட்டார்கள், பட்டியலிலேயே பெயர் இல்லை என்று சொல்லிக் கூடாரவாசிகள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களை ஒருங்கிணைத்தவர் 2024 டிசம்பரில் கைதானார். இதற்கிடையில் இன்னொரு விவாதமும் ஓடுகிறது. திரும்பக் கட்டுவது மண்ணிலா, சிமெண்டிலா? மண் குளிருக்கும் வெயிலுக்கும் நல்லது, முறையாகக் கட்டினால் நடுக்கத்தையும் தாங்கும் என்கிறார்கள் கட்டடக்கலைஞர்கள், நியாயமான பேச்சு. சிமெண்டுப் பெட்டிகள் வந்தால் பள்ளத்தாக்கின் அழகு போய்விடும் என்கிற பயண ஆர்வலர்களும் அதே பக்கம் வந்து நின்றுகொள்கிறார்கள். இடிபாட்டிலிருந்து மனைவியையும் பிள்ளையையும் எடுத்தவன் மண் கூரையை இனி நம்ப மாட்டேன், எனக்குச் சிமெண்டுதான் வேண்டும் என்றால், அவனிடம் அழகைப் பற்றி யார் போய்ப் பேசுவது, எந்த மொழியில்?